கொக்குக்காகக் காத்திருந்த விளக்கு

பூட்டான் என்ற பெயரை நம்மில் பலர் முதன்முதலாக எங்கே கேட்டோம்? பூகோளப் புத்தகத்தில் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ரயிலடியிலும் பஸ் நிலையத்திலும் சீட்டுக் கட்டைத் தோரணம் போல் தொங்கவிட்டுக்கொண்டு, "பூட்டான், பூட்டான்! நாளைக் குலுக்கல்!" என்று கூவுவார்களே, அந்தக் கூவலில்தான் கேட்டிருப்போம். 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் லாட்டரியே தடை செய்யப்பட்டுவிட்டது. கூவலும் நின்றது. பூட்டானையும் மறந்துவிட்டோம்.

அந்தச் சீட்டில் பரிசு விழாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். பூட்டானில் இன்னொரு பரிசு இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி கடைசியில், திபெத்தின் பீடபூமியிலிருந்து, இமயமலைச் சிகரங்களைத் தாண்டி, அது தானாகவே பறந்து வந்து ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அதைப் பார்க்கத்தான் உங்களை இப்போது அழைத்துக்கொண்டு போகிறேன். சால்வையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டையும் இருந்தால் உத்தமம்.

வடக்கே திபெத், தெற்கே அஸ்ஸாமும் வங்காளமும். நடுவில் மலையும் காடுமாக எட்டு லட்சத்துக்கும் குறைந்த ஜனங்கள் வாழும் சின்னஞ்சிறு ராஜ்யம் பூட்டான். நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு அறுபது பங்கு எந்தக் காலத்திலும் காடாகவே இருக்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்ட தேசம் அது. உண்மையில் சுமார் எழுபது பங்கு காடாக இருக்கிறது. டெலிவிஷன் அந்த நாட்டுக்குள் நுழைந்ததே 1999-இல்தான்.

தலைநகரான திம்புவிலிருந்து காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு கிளம்புவோம். கார் ஏறத் தொடங்கியதும் வளைவு, வளைவுக்கு மேல் வளைவு. சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் தோச்சு லா என்ற கணவாய். 'லா' என்றாலே கணவாய்தான். அங்கே 108 சிறு ஸ்தூபிகள் வட்டம் வட்டமாக நிற்கின்றன. 2003-ஆம் ஆண்டில் தெற்கு எல்லைக் காடுகளில் நடந்த போரில் உயிர் துறந்த வீரர்களுக்காக ராணி ஆஷி தோர்ஜி வாங்மோ எழுப்பியவை அவை. வானம் தெளிவாயிருந்தால் அவற்றின் பின்னால் பனிமலைத் தொடர் முழுவதும் தெரியும். மேகம் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. தேநீர் குடித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

பிறகு இறக்கம். வாழையும் ஆரஞ்சும் விளையும் வாங்டூ வரையில் இறங்குகிறோம். 2012-ஆம் ஆண்டில் தீக்கிரையாகி, பத்து வருஷம் பாடுபட்டுக் கட்டி, 2022-இல் மீண்டும் பிரதிஷ்டை செய்யப்பட்ட கோட்டை மடம் ஆற்றுக்கு மேலே தெரிகிறது. அதைத் தாண்டியதும் திரும்பவும் ஏற்றம். ஓக் மரங்களும், பாசி தொங்கும் கிளைகளும், எதிரே அசையாமல் நிற்கும் ஒன்றிரண்டு காட்டெருமைச் சாயல் கொண்ட யாக் மாடுகளும்! பெரிய சாலையை விட்டு விலகி, லவா லா என்ற இன்னொரு கணவாயையும் தாண்டினால், திடீரென்று மலைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விடுகின்றன. கீழே அகன்ற தாம்பாளம் போல் ஒரு சமவெளி. மரம் கிடையாது, நடுவில் ஈரம் பளபளக்கும் சதுப்பு நிலம், ஓரங்களில் உருளைக்கிழங்கு வயல்கள், சரிவுகளில் சித்திர ஜன்னல்கள் வைத்த வீடுகள். இதுதான் போப்ஜிகா. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,900 மீட்டர். காரிலிருந்து இறங்கி நாலு அடி வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். நிதானமாக நடக்கலாம், அவசரம் ஒன்றுமில்லை.

பாம்பும் பன்றியும்

இந்தப் பள்ளத்தாக்கில் நெல் விளைவதில்லை. குளிர் அதிகம் என்று நாம் ஒரே வார்த்தையில் காரணம் சொல்லிவிடுவோம். ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம் அதைவிட ரசமானது.

பள்ளத்தாக்கில் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. நாகே சூ, பாக் சூ என்று பெயர். ஒன்று பாம்பு, மற்றொன்று பன்றி. ஆதியில் இரண்டுக்கும் ஓட்டப் பந்தயம் வந்ததாம். பாம்பு ஜயித்தால் இந்த மண்ணில் நெல் விளையும். பன்றி ஜயித்தால் என்றைக்கும் விளையாது என்று பேச்சு. பாம்பு வழக்கம்போல் வளைந்து வளைந்து போயிற்று. பன்றி நேராகப் பாய்ந்தது. அப்புறம் கேட்பானேன்? இன்றுவரை போப்ஜிகாவில் நெல் கிடையாது. அரிசி கீழ்நாட்டிலிருந்துதான் ஏறி வர வேண்டும்.

பன்றிக்கு அந்த வெற்றியும் போதவில்லை போலிருக்கிறது. இன்றைக்கும் காட்டுப் பன்றிக் கூட்டம் இரவில் மலையிலிருந்து இறங்கி உருளைக்கிழங்கு வயலைக் கிளறி எறிந்துவிட்டுப் போகிறது. பயிர்க் காலத்தில் விவசாயிகள் வயலோரக் குடிசையில் நெருப்பு மூட்டிக்கொண்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டு இரவெல்லாம் கண் விழிக்கிறார்கள். ஆணும் பெண்ணும் முறை வைத்துக்கொண்டு காவல் இருப்பார்கள். காட்டை நேசிக்கும் நாடு என்று நாம் படத்தைப் பார்த்துவிட்டுப் புகழ்கிறோம் அல்லவா? அந்த நேசத்துக்குத் தூக்கத்தைக் கொடுத்துக் கணக்குத் தீர்ப்பவர்கள் இவர்கள்தாம்.

உருளைக்கிழங்குதான் இந்த ஊருக்குக் காசு. வசந்தத்தில் நட்டு, மழைக்காலம் முடிகிற தறுவாயில் தோண்டி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றி, தெற்கு எல்லையிலுள்ள புன்ட்ஷோலிங் ஏலச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து அது இந்தியாவுக்குள் வருகிறது. குழந்தைகளின் பள்ளிக்கூடச் செலவு, வீட்டுக்குத் தகரக் கூரை, கல்யாணம், கோயில் காரியம் எல்லாம் அந்த மூட்டைகளில்தான் இருக்கின்றன.

வந்தவர் யார்?

கிழங்கு தோண்டி முடிந்து, வயல் வெறிச்சோடி, காலையில் புல்லின்மேல் வெண்பனி உறையத் தொடங்கும் சமயத்தில் ஒரு நாள் வானத்தில் எக்காளம் ஊதுவது போல் ஓர் ஓசை கேட்கும். வயதான பெண்கள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். வந்துவிட்டன!

கருங்கழுத்துக் கொக்கு என்று அதற்குப் பெயர் சொல்லலாம். ஆனால் நம் ஏரிக்கரைக் கொக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். நம் கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். இது கழுத்தை ஈட்டி போல் நீட்டிக்கொண்டு பறக்கும். நம் கொக்கு ஒற்றைக்காலில் தனியாகத் தவம் செய்யும். இது குடும்பத்தோடு வாழும். எழுந்து நின்றால் ஒரு பள்ளிக்கூடச் சிறுமியின் உயரம். சாம்பல் கலந்த வெண்மையான உடல், மை தீட்டினாற்போல் தலையும் கழுத்தும், கறுப்பு வால், உச்சியில் மட்டும் குங்குமம் இட்டாற்போல் ஒரு சிவப்பு. யார் அலங்காரம் செய்து அனுப்பினார்களோ தெரியாது. ஒன்றும் மிகையில்லை, ஒன்றும் குறையில்லை.

உலகத்தில் இந்தப் பெருங்கொக்கு ஜாதியில் பதினைந்து வகைகள் உண்டு. அவற்றில் விஞ்ஞானிகள் கண்ணில் கடைசியாகப் பட்டது இதுதான். பிரஷேவால்ஸ்கி என்ற ருஷ்யப் பிரயாணி திபெத்துப் பக்கத்துப் பெரிய ஏரியான கோகோநோரில் கண்டு, 1876-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். மற்றப் பதினான்கும் சமவெளிகளிலும் தாழ்ந்த பிரதேசங்களிலும் நடமாடிக்கொண்டிருக்க, இது மட்டும் குளிரிலும் உயரத்திலும் போய்க் குடித்தனம் வைத்துக்கொண்டதால் இத்தனை காலம் ஒளிந்திருந்தது. போப்ஜிகாவாசிகளுக்கோ இது எந்த ருஷ்யரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டிய பறவையல்ல. 'த்ருங் த்ருங்' என்று அவர்கள் பாஷையில் பெயர். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதன் குரலே காதில் விழும்.

கோடையில் திபெத்தின் உயர்ந்த சதுப்புகளில் கூடு கட்டி, வழக்கமாக இரண்டு முட்டை இடும். இரண்டு குஞ்சும் பிழைப்பது அபூர்வம். பெரும்பாலும் ஒன்றுதான் தேறும். ஆகவே போப்ஜிகா வயலில் தொலைநோக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், தாயும் தந்தையும் இரு பக்கம், நடுவில் பழுப்புத் தலையுடன் ஒரே ஒரு பிள்ளை, இப்படி மூன்று மூன்றாக மேய்வதைக் காணலாம். பெற்றோர் மாறி மாறித் தலை தூக்கிக் காவல் பார்க்கும். பிள்ளைக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது, தின்றுகொண்டேயிருக்கும். ஒற்றைப் பிள்ளை வீடுகளில் நாம் பார்க்காததா!

தின்பது என்ன? சிந்திய தானியம், புழு பூச்சி, சதுப்பில் முளைக்கும் குட்டை மூங்கிலின் வேரும் கிழங்கும். இந்தக் குட்டை மூங்கிலை ஊர் மாடுகளும் குதிரைகளும் மற்ற மாதங்களில் மேய்ந்து தழையை மட்டமாக்கி வைக்கின்றன. அதனால் கொக்கு அலகை நுழைத்துத் தோண்டச் சௌகரியமாகிறது. மனிதன் காலடியே படாத வனத்தில் வாழ்கிற பறவையல்ல இது. உழவனும் மாடும் இருக்கிற இடத்தில், அவர்கள் மிச்சம் வைத்ததைக்கொண்டு குளிர்காலத்தைத் தள்ளுகிற பறவை.

பொழுது சாய்ந்தால் எல்லாம் கூட்டமாக எழுந்து சதுப்பின் நடுவிலுள்ள ஆழமில்லாத நீரில் இறங்கி, முழங்கால் நீரில் நின்றபடியே உறங்கும். நரியோ சிறுத்தையோ வந்தால் தண்ணீர் சலசலக்குமே, அதற்காக. சில இரவுகளில் மேல்நீர் ஏடு கட்டி உறைந்துவிடும்.

மலைமுகட்டில் கங்தே கோம்பா என்ற மடம் இருக்கிறது. பூட்டானின் பெருமகான்களுள் ஒருவரான பேமா லிங்பாவின் பேரர், 1613-ஆம் ஆண்டில் ஸ்தாபித்தது. பழைய மரவேலை செல்லரித்துப் போனதால் முழுவதும் பிரித்துச் செதுக்கிக் கட்டி 2008-இல் திருப்பணி முடித்தார்கள். கொக்குகள் வரும்போதும் போகும்போதும் இந்த மடத்தை மூன்று முறை வலம் வருகின்றன என்பது ஊர் நம்பிக்கை. 'உயரம் ஏறுவதற்காகச் சூடான காற்றில் சுற்றுகின்றன' என்று பறவை சாஸ்திரிகள் சொல்வார்கள். இருக்கட்டும். காற்று அங்கேதான் வந்து சுழல வேண்டும் என்று யார் ஏற்பாடு செய்தார்கள் என்று ஒரு பாட்டி திருப்பிக் கேட்டால் சாஸ்திரிகள் என்ன சொல்வார்களோ!

வேடிக்கை என்னவென்றால், கொக்கு வரும் சமயத்தில் ஊர்க்காரர்களில் பலர் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடுகிறார்கள். குளிர் தாங்காமல் பலரும், மடத்துத் துறவிகளும், மாடுகளை ஓட்டிக்கொண்டு வாங்டூப் பக்கத்துக் குளிர்கால வீடுகளுக்கு இறங்கிப் போவது பழைய வழக்கம். நமக்கு உறையும் குளிர், கொக்குக்கு இதமான வெயில்! வீட்டைப் பூட்டிச் சாவியை விருந்தாளியிடம் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி இல்லையா?

மண்ணுக்கடியில் மின்சாரம்

இப்போது இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன்.

நம் தெருவில் மின்சாரம் ஒரு மணி நேரம் நின்றால் என்ன பாடு படுகிறோம்! மிக்ஸி ஓடாது, மோட்டார் ஓடாது, பிள்ளைகளுக்குப் பரீட்சை, பெரியவருக்கு விசிறி. மின்சார ஆபீசுக்குப் போன் மேல் போன். போப்ஜிகாவின் வீடுகளில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டும் டிசம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் விளக்கு, சில வீடுகளில் கூரைமேல் ஒரு சிறிய சூரிய ஒளித் தகடு. சமையலும் குளிர்காய்தலும் விறகில். காட்டிலிருந்து விறகு சுமந்து வருவது, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சோறு பொங்குவது, மங்கல் வெளிச்சத்தில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, தறியில் நூலெண்ணி நெய்வது. இவ்வளவும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்த வேலை.

இத்தனைக்கும் பூட்டான் மின்சாரத்துக்குப் பஞ்சமான நாடல்ல. 1986-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய சூக்கா நீர்மின் நிலையம் முதலாக, ஆறுகளை மறித்து மின்சாரம் உற்பத்தி செய்து இந்தியாவுக்கு விற்றுத்தான் அந்த நாட்டுக் கஜானா நிறைகிறது. அப்படியிருக்க, போப்ஜிகாவுக்கு மட்டும் ஏன் தாமதம்?

பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பம் நட்டுக் கம்பி இழுத்துவிட்டால் காரியம் சீக்கிரம் முடிந்திருக்கும், செலவும் குறைவு. ஆனால் கொக்கு விடியற்காலை மூடுபனியிலும் அந்தி மங்கலிலும் தாழப் பறக்கும் பறவை. ஐந்தாறு கிலோ கனம்; இறக்கை விரித்தால் இரண்டு மீட்டர் அகலம். சிட்டுக்குருவி மாதிரி கடைசி நிமிஷத்தில் சட்டென்று ஒதுங்க அதனால் முடியாது. மெல்லிய கம்பி கண்ணில் படுவதற்குள் கழுத்தோ இறக்கையோ போய் மோதிவிடும். பெருங்கொக்கு இனங்களுக்கு உலகத்தில் பல இடங்களில் மின்கம்பிதான் யமன். வருஷத்துக்கு ஒரு குஞ்சு தேறுவதே அரிதாயிருக்கிற குடும்பத்தில் தாயோ தகப்பனோ கம்பியில் மாட்டிக்கொண்டால், அந்த நஷ்டம் பல வருஷங்களுக்கு ஈடாகாது.

ஆகவே கம்பி வேண்டாம் என்று முடிவாயிற்று. விளக்கும் வேண்டும், கொக்கும் வேண்டும் என்றால் வழி ஒன்றுதான்: மண்ணைத் தோண்டி, கேபிளைப் புதைத்துக் கொண்டு வருவது. பல மடங்கு செலவு. அந்தப் பணத்துக்கும் திட்டத்துக்கும் ஏற்பாடாகும் வரையில் ஊர் காத்திருந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் விளக்கெரிவதை மலைமேலிருந்து பார்த்துக்கொண்டே காத்திருந்தது. 2010-ஆம் ஆண்டை ஒட்டித்தான் மண்ணுக்கடியில் கேபிள் வந்து வீடுகளில் விளக்கெரிந்தது. இன்று நீங்கள் அந்தச் சமவெளியின் ஓரத்தில் நின்று பார்த்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் வானத்தில் ஒரு கம்பிக் கோடு குறுக்கே ஓடாது. புகைப்படம் எடுப்பவர்கள் ஆனந்தப்படுகிறார்கள். அந்த வெறும் வானத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று எல்லாருக்கும் தெரிவதில்லை.

மின்சாரம் வந்ததும் முதலில் நுழைந்த சாமான் என்ன தெரியுமா? பூட்டானில் எந்தச் சமையலறையிலும் நீங்கள் காணக்கூடியதுதான். மின்சாரச் சோற்றுப் பானை! ஒன்றில் சோறு, இன்னொன்றில் குழம்பு, மூன்றாவதில் வெந்நீர். விறகடுப்பு முற்றிலும் போய்விடவில்லை. கூடத்தின் நடுவில் 'புகாரி' என்ற இரும்பு அடுப்பு குளிருக்காக இன்னும் எரிகிறது. ஆனால் சோறு பொங்கப் புகை குடிக்க வேண்டியதில்லை.

மிளகாயே காய்கறி

சமையலறைக்குள் வந்துவிட்டோம், சாப்பிடாமல் போவது மரியாதையல்ல.

நம் வீட்டில் மிளகாய் தாளிக்கவும் அரைக்கவும். பூட்டானில் மிளகாயே காய்! 'எமா தாட்ஷி' என்பது அவர்கள் தேசிய உணவு. எமா என்றால் மிளகாய். தாட்ஷி என்றால் பாலாடைக் கட்டி. பச்சை மிளகாயையோ காய்ந்ததையோ நீளவாட்டில் கீறி, வெங்காயம், தக்காளி, நாலு பல் பூண்டு, கொஞ்சம் வெண்ணெய், உப்பு, தண்ணீர் சேர்த்து வேகவிட்டு, கடைசியில் தாட்ஷியைப் போட்டு மூடி இறக்க வேண்டியதுதான். எண்ணெயில் வதக்கல் இல்லை, மசாலா இல்லை. முதல் கவளத்தில் காதிலிருந்து புகை வரும். மூன்றாவது கவளத்தில் வழக்கமாகிவிடும் என்கிறார்கள். பயப்படுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு போட்ட 'கேவா தாட்ஷி' இருக்கிறது. போப்ஜிகாக் கிழங்கில் செய்தால் அதற்குத் தனி ருசி. சிவப்பரிசிச் சோறு கூடவே வரும். வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்த 'சுஜா' என்ற தேநீரைத் தேநீர் என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம். உப்புக் கஞ்சி என்று நினைத்துக் குடித்தால் நன்றாகவே இருக்கும்.

வீட்டில் மிக நல்ல அறை எதுவென்று கேளுங்கள். பூஜை அறை என்பார்கள். அங்கே வரிசையாக ஏழு கிண்ணங்களில் தினமும் காலையில் சுத்த ஜலம் நிரப்பி வைக்கிறார்கள். நமக்குக் கோலம் எப்படியோ அப்படி.

இன்னொரு செய்தி. நம் வாசகிகளில் சிலர் இதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்ட விரும்பலாம். பூட்டானின் மேற்குப் பகுதிகளிலும் நடுப்பகுதிகளிலும் வீடும் நிலமும் பெரும்பாலும் பெண் வழியில் இறங்குகின்றன. தாய்க்குப் பின் மகள். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் மூட்டை கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருகிறார். அதற்காகப் பெண்களுக்கு எல்லாம் சுகம் என்று எண்ண வேண்டாம். நிலம் யார் பெயரிலோ அவள்தான் அந்த நிலத்தை விட்டு நகர முடியாமல் வயதான பெற்றோரையும் மாட்டையும் வயலையும் பார்த்துக்கொள்கிறாள்.

சாயங்காலம் சில வீடுகளில் கல் ஸ்நானம் ஏற்பாடு செய்து தருவார்கள். ஆற்றுக் கல்லை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, மரத் தொட்டித் தண்ணீரில் போட்டால், 'ஸ்ஸ்' என்று சீறிக் கல் வெடித்து ஜலம் கொதிக்கும். மாசிபத்திரி இனத்து இலையை மேலே தூவுவார்கள். கார் வளைவுகளில் நொந்த இடுப்புக்கு இதைவிட ஔஷதம் கிடையாது. இப்படி வீட்டில் தங்கவைத்து விருந்தோம்பும் ஏற்பாட்டால் ஊர்ப் பெண்கள் கையில் கொக்கின் பெயரால் கொஞ்சம் காசு புழங்குகிறது. கொக்குக்காகக் கொடுத்த விலையில் ஒரு பங்காவது அவர்களுக்குத் திரும்பி வரட்டுமே!

பூட்டானின் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1987-இல் ஆரம்பமானது. சதுப்பின் ஓரத்தில் அவர்களுடைய கொக்கு நிலையம் இருக்கிறது, தொலைநோக்கிகள் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பாருங்கள். வயலுக்குள் இறங்கிக் கிட்டப் போக ஆசைப்படாதீர்கள். வெறுங் கையால் கூப்பிட்டால் வருகிற கோழியல்ல அது. காயப்பட்டுப் பறக்க முடியாமல் போன கொக்குக்கு அங்கேயே வேலி கட்டி இடம் கொடுத்து வளர்ப்பதும் உண்டு.

1998-ஆம் ஆண்டிலிருந்து, நவம்பர் 11-ஆம் தேதி கங்தே மடத்து முற்றத்தில் கொக்குத் திருவிழா நடக்கிறது. நான்காம் மன்னரின் பிறந்த நாளும் அதுவே. துறவிகளின் முகமூடி நடனம் ஒரு பக்கம். ஆனால் கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்ப்பது பள்ளிக்கூடக் குழந்தைகளின் கொக்கு நடனத்தைத்தான். வெள்ளைத் துணி இறக்கை, கறுப்புத் தலைக் கூடு, நீண்ட அலகு. தத்தித் தத்தி வந்து, குனிந்து, நிமிர்ந்து, இறக்கை விரித்து ஆடுவார்கள். யாராவது ஒரு பிள்ளையின் அலகு கோணிக்கொண்டு ஒரு பக்கம் திரும்பிவிடும். பார்க்கிற தாய்மாருக்கு அதுதான் திருவிழா. ஆட்டத்தை யாரும் கற்பனை செய்யவில்லை. கீழே வயலில் அசல் கொக்குகள் ஜோடி ஜோடியாக இதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கின்றன.

எல்லாம் மங்களமாக முடிந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். சதுப்பு நிலம் 2016-ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் ஜாபிதாவில் சேர்ந்துவிட்டது. கொக்கைக் கொல்வது சட்டப்படி பெருங்குற்றம். உலகத்தில் இந்தக் கொக்குகள் இப்போது பத்தாயிரத்துக்கு மேல் இருப்பதால், 2020-ஆம் ஆண்டில் அபாயப் பட்டியலில் ஒரு படி கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். போப்ஜிகாவுக்கு வரும் கூட்டமும் முன்னைவிடப் பெருத்திருக்கிறது. ஆனால் கொக்கைப் பார்க்க வருகிறவர்கள் தங்க ஹோட்டல்கள் எழும்புகின்றன. ஹோட்டல் எச்சிலில் தெருநாய் பெருகுகிறது. நாய் இளங்கொக்கைத் துரத்துகிறது. உருளைக்கிழங்கு விலை ஏறினால் சதுப்பின் ஓரத்தை இன்னும் ஒரு முழம் வெட்டி வயலாக்கலாமா என்று கை பரபரக்கிறது. விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறைந்த பட்சம் போகிறவர்களாவது அமைதியாக இருக்கிற சிறிய விடுதியாக, ஊர் வீடாகப் பார்த்துத் தங்கலாம்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கல்கத்தா, டில்லி, பாக்டோக்ராவிலிருந்து பாரோவுக்கு விமானம் உண்டு. ரயிலில் போகிறவர்கள் ஹாசிமாராவில் இறங்கி, புன்ட்ஷோலிங் எல்லைக்குப் போகலாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை அவசியம். ஆதார் அட்டை செல்லாது. இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் என்று 2022-ஆம் ஆண்டு முதல் அரசாங்கக் கட்டணம் உண்டு, குழந்தைகளுக்குச் சலுகை. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் போனால் விருந்தாளி இருக்கமாட்டார்.

ஏனென்றால், மாசி பிறந்து வெயில் கொஞ்சம் சுள்ளென்று விழத் தொடங்கியதும், ஒரு தெளிந்த நண்பகலில் கொக்குகள் எழும்பும். இறக்கையை அசைக்காமல் சுற்றிச் சுற்றி உயரே போகும். வெள்ளைப் புள்ளி, அப்புறம் குரல் மட்டும், அப்புறம் அதுவும் இல்லை. வாங்டூவிலிருந்து ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து பூட்டைத் திறக்கிறார்கள். விதைக் கிழங்கைக் கூடையில் அள்ளி, முளைக் கண் பார்த்து வெட்டி, பெண்கள் வயலில் இறங்குகிறார்கள். மலையோரத்தில் காட்டுப் பன்றியும் தயாராகிக்கொண்டிருக்கும்.